ஆங்கில உரைநடையில் தொகுப்புரைத் தொடர்கள்

ஒரு பொருளைப் பல கூறுகளாக விரித்துரைப்போன், விரித்தவற்றை மீண்டும் ஒருங்கு சேர்த்துக் காட்டுங் கடப்பாடும் உடையனாவான். விரித்த வலையைச் சுருக்கி இழுத்தாலன்றி மீன் கரைசேராது. அதுபோலக் கூறிய காரணங்களும் காட்டிய உதாரணங்களும் ஓரிடத்திற் குவிக்கப்பட்டாலன்றிக் கட்டுரையின் பயன் படிப்போன் கைக்கு எட்டாது. இவ்வாறு குவிக்கும் இடத்தை அறிவித்தற்கு ஆங்கில உரைநடையிலே சில சிறு தொடர்கள் வழங்குகின்றன. ‘இன் ஷோர்ட்’, ‘இன் எ வேர்ட்’, ‘இன் சம்’, ‘டு சம் அப்’, ‘ஓல் இன் ஓல்’, ‘ஒன் த ஹோல்’, ‘இன் கன்க்ளூஷன்’ என்பன அவற்றுள் மாணவர் பெரிதும் எடுத்தாள்வன. ‘சுருங்கக் கூறின்’, ‘தொகுத்து நோக்கின்’, ‘மொத்தத்தில்’, ‘முடிவாக’ என்றவாறு இவற்றை ஏறத்தாழத் தமிழ்ப்படுத்தலாம்.

இத்தொடர்கள் அளவிற் சிறியன, பொருளறிதற்கும் எளியன. ஆயினும் இவற்றைப் பிழைபட ஆளும் கட்டுரைகள் மிகப் பல. சொல்லறிவிற் குறைவு இதற்குக் காரணமாகாது. கட்டுரையின் ஈற்றிலே சூட்டுதற்குரிய அணியென இத்தொடர்களைக் கருதும் எண்ணமே காரணமாம். உண்மையில் இவை ஒவ்வொன்றும் படிப்போனுக்கு அளிக்கப்படும் ஓர் உறுதிமொழி. ‘டு சம் அப்’ என்று தொடங்கும் எழுத்தாளன், இனி வருவது புதியதன்று, இதுவரை கூறியவற்றின் திரட்டே என்று உறுதி கூறுகின்றான். அவ்வுறுதி காக்கப்படுகின்றதா என்பதே இத்தொடர்களின் சரி பிழைகளை அளக்குங் கோலாகும்.

சொற்களின் வரலாறும் இதனையே உணர்த்தும். ‘சம்’ என்னும் ஆங்கிலச் சொல், மிக உயர்ந்தது எனப் பொருள்படும் ‘சும்மா’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. ஒலியால் ஒத்த தமிழ்ச் சொல்லோடு இதற்கு யாதோர் உறவும் இல்லை. எனினும் பொருளின்றி ‘டு சம் அப்’ என எழுதும் மாணவனைக் கண்ட ஆசிரியர்க்கு அத்தமிழ்ச் சொல் நினைவுக்கு வருதல் இயல்பே. உரோமர் எண்களைக் கூட்டுங்கால் கூட்டுத்தொகையை நிரலின் அடியில் எழுதாது தலையில் எழுதினர். உச்சியில் நின்ற அவ்வெண்ணே ‘சும்மா’ எனப்பட்டது. கூட்டுத்தொகை என்பது நிரலில் இல்லாத எண்ணைத் தன்னுட் கொள்ளாது. நிரலில் உள்ள எண் எதனையும் விட்டுவிடவும் மாட்டாது. தொகுப்புரையின் இலக்கணமும் இதுவே.

பண்டை உரோமரின் சொல்வன்மை நூல்கள் இதற்கு விதி வகுத்துள்ளன. சிசரோ தம் இளமைக்காலத்து நூலொன்றிற் பேச்சின் முடிவுரையை மூன்று உறுப்புகளாக வகுத்தார். முற்கூறியவற்றை நிரல்படத் தொகுத்தல் அவற்றுள் முதலாவது. எதிரிமீது சினத்தையும் தன் பக்கத்தார்மீது இரக்கத்தையும் எழுப்புதல் மற்றை இரண்டு. கி. பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த குயின்ரிலியன், தொகுப்புரை இயன்றவரை சுருங்கியதாய்த் தலைப்புகளை மட்டும் தொட்டுச் செல்லல் வேண்டும் என்றும், அதில் நீள நின்றால் அது இரண்டாவது பேச்சாகிவிடும் என்றும் எச்சரித்தார். ஐரோப்பியக் கல்விக்கூடங்களிற் பல நூற்றாண்டுகள் பயிலப்பட்ட இம்மரபின் சாயலை இன்றைய ஆங்கிலக் கட்டுரையிலுங் காணலாம்.

இக்கால மொழிநூலாரும் இத்தொடர்களை ஆராய்ந்துள்ளனர். ஹலிடே, ஹஸன் ஆகிய இருவரும் 1976இல் வெளியிட்ட நூலிலே, வாக்கியங்களைப் பிணைக்கும் உறவுகளைச் சேர்த்தல், மாறுபடல், காரணம், காலம் என நான்காகப் பகுத்துத் தொகுப்புரைத் தொடர்களைக் காலத்தின்பாற் படுத்தினர். ஈண்டுக் காலமென்றது நிகழ்ச்சியின் காலத்தையன்று. உரை எந்தக் கட்டத்தை அடைந்துள்ளது என்பதையேயாம். குவேர்க்கும் அவருடன் மூவரும் இயற்றி 1985இல் வெளிவந்த பேரிலக்கணமோ தொகுப்புப் பொருளனவற்றை ஒரு தனி வகையாகவும், விளைவு குறிப்பனவற்றையும் அனுமானங் குறிப்பனவற்றையும் வெவ்வேறு வகைகளாகவும் வகுத்தது. தொகுத்தல் வேறு, தொகுத்ததிலிருந்து ஒன்றைத் துணிதல் வேறு என்னும் இப்பாகுபாடு மாணவனுக்கு மிகவும் பயன்படுவது.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். பனைமரத்தைப் பற்றி ஆங்கிலத்திற் கட்டுரை வரையும் மாணவன் ஒருவன் இவ்வாறு எழுதினான் என்க: ‘பனையின் ஓலை கூரைக்கும் வேலிக்கும் உதவுகின்றது. மரம் வளையாகவும் சிலாகையாகவும் அறுக்கப்படுகின்றது. கருப்பநீரிலிருந்து பனங்கட்டி காய்ச்சப்படுகின்றது. பழம் பனாட்டாகின்றது, கிழங்கு ஒடியலாகின்றது.’ இதனையடுத்து ‘இன் ஷோர்ட்’ என்று தொடங்கி அவன் எழுதத்தக்கது யாது? ‘பனையின் எல்லா உறுப்புகளிலிருந்தும் பல கிழங்குகளும் உண்டாகும்’ என்பது பொய். ‘பனங்கொட்டையின் பூரானும் உண்ணத்தக்கது’ என்பது உண்மையேயாயினும், அது நிரலிற் சேரவேண்டிய மேலுமொரு செய்தி, தொகையன்று. ‘பனை எல்லா மரங்களிலும் சிறந்தது’ என்பது கூறியவற்றின் அளவை மீறியது. பிற மரங்களோடு ஒப்பிடுதல் முன்னர் நிகழவேயில்லை. ‘அரசினர் பனைகளை நாட்டுவித்தல் வேண்டும்’ என்பது ஒரு துணிபு; அதற்கு வேறு காரணங்களும் வேண்டும்; அவை காட்டப்பட்டபின் ‘தெயர்போர்’ முதலிய சொல்லால் அதனைத் தொடங்கலாம். ‘பனையின் அடிமுதல் நுனிவரை பெரும்பாலான உறுப்புகள் மனிதர்க்குப் பயன்படுகின்றன’ என்னும் வாக்கியமே உறுதிமொழியைக் காப்பது. அது ஓலையையும் மரத்தையும் நீரையும் பழத்தையும் கிழங்கையும் தன்னுள் அடக்கி, அவற்றுள் எதனையும் மீண்டும் பெயர்சொல்லாது நிற்கின்றது.

இனி, இத்தொடர்கள் தம்முள் ஒரே பொருளன அல்ல. ‘இன் ஷோர்ட்’ என்பது பல செய்திகளைச் சில சொற்களாகக் குறுக்குவது. கட்டுரையின் நடுவிலும், ஒரே வாக்கியத்தின் உள்ளும் வரவல்லது. ‘அவன் தோணியை இழந்தான், வலையை இழந்தான், வீட்டையும் இழந்தான்’ என அடுக்கியபின், ‘இன் ஷோர்ட், வாழ்வதற்கு வேண்டிய அனைத்தையும் இழந்தான்’ என முடித்தல் இதற்கு இயல்பான இடம். ‘இன் எ வேர்ட்’ என்பதன்பின் ஒரு சொல்லோ மிகச் சில சொற்களோ வருதலே அழகு. அதன்பின் நான்கு வரி எழுதுவோன் தன் சொல்லையே பொய்யாக்குகின்றான். ‘இன் சம்’, ‘டு சம் அப்’ என்பன நீண்ட விளக்கத்தின் ஈற்றில் அதன் தலைப்புகளைக் கூட்டிக் காட்டுவன. ‘ஓல் இன் ஓல்’ என்பது நன்மை தீமை இரண்டையும் எடைபோட்டபின் கூறும் மதிப்பீட்டிற்கு உரியது. ‘ஒன் த ஹோல்’ என்பதும் அத்தகையதே. ஆயினும் விலக்குகள் சில உள என்பதை அது தன்னுள் ஒப்புக்கொள்கின்றது. விலக்கேயில்லாத ஓர் உண்மையை ‘ஒன் த ஹோல்’ என்று தொடங்குதல் பொருந்தாது. ‘இன் கன்க்ளூஷன்’ என்பது கட்டுரை முடிகின்றது என்னும் அறிவிப்பு. ஆதலின் ஒரு கட்டுரைக்கு ஒருமுறையே வரல் தகும். ‘இன் அதர் வேர்ட்ஸ்’ என்பதோ இவ்வினத்தைச் சேர்ந்ததன்று. ஒரு கருத்தையே வேறு சொற்களால் தெளிவித்தற்கு வருவது அது.

தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் சிறப்பாக எச்சரிக்கை கொள்ளவேண்டிய இடம் ஒன்றுண்டு. ‘இறுதியாக’ என்னும் தமிழ்ச்சொல் பல பொருளுக்குப் பொதுவாய் நிற்கின்றது. ஆங்கிலமோ அவற்றைப் பிரித்து வழங்கும். வரிசையிற் கடைசியாக வரும் செய்திக்கு ‘லாஸ்ட்லி’ உரியது. நெடுங்காலம் காத்திருந்தபின் நிகழ்ந்ததற்கு ‘அற் லாஸ்ட்’ உரியது. பல மாறுதல்களுக்குப்பின் நேர்ந்த விளைவுக்கு ‘இன் தி எண்ட்’ உரியது. கட்டுரையின் முடிவுரைக்கு ‘இன் கன்க்ளூஷன்’ உரியது. தமிழில் எண்ணி ஆங்கிலத்தில் எழுதும் மாணவன் இந்நான்கனுள் முதலில் நினைவுக்கு வந்ததை வைத்துவிடுகின்றான். முடிவுரையை ‘அற் லாஸ்ட்’ என்று தொடங்கினால், கட்டுரை ஒருவாறு முடிந்ததே என அவனே பெருமூச்சு விடுவதாகப் பொருள்படும். அவ்வாறே ‘சுருக்கமாக’ என்னுங் கருத்தில் ‘ஷோர்ட்லி’ என எழுதுவோரும் உளர். அச்சொல் பெரும்பாலும் ‘விரைவில்’ எனக் காலத்தையே குறிக்கும்.

வாக்கிய அமைப்பிலும் கருதவேண்டியன சில உள. இத்தொடர்கள் வாக்கியத்தின் முதலில் வரின் அவற்றின்பின் காற்புள்ளி இடுதல் வழக்கு. நடுவில் வரின் இருபுறமும் இடல் வேண்டும். இவை ‘அன்ட்’, ‘பட்’ போன்ற இணைப்பிடைச் சொற்கள் அல்ல. ஆதலின் இரண்டு முழு வாக்கியங்களுக்கிடையே வெறுங் காற்புள்ளியிட்டு ‘இன் ஷோர்ட்’ என இணைத்தல் பிழை. அவ்விடத்தில் அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வேண்டும். முன்னர்க் கூறியது அடுக்காயின் முக்காற்புள்ளியும் பொருந்தும். ‘டு சம் அப்’ என்னும் வினையெச்சத்திற்கு எழுத்தாளனே எழுவாய் என்பது குறிப்பாற் பெறப்படும். நெடுவழக்கால் அஃது ஏற்கப்பட்டுவிட்டது. ஆனால் ‘காரணங்களைத் தொகுத்து, போர் மூண்டது’ என்னும் போக்கில், தொகுப்பவன் ஒருவனாகவும் வாக்கியத்தின் எழுவாய் மற்றொன்றாகவும் நிற்கும்படி ‘சம்மிங் அப்’ என்று தொடங்குதல் வழுவாகும்.

தமிழ் இலக்கணங் கற்ற மாணவனுக்கு இக்கருத்துகள் அந்நியமானவை அல்ல. நன்னூலார் கூறும் முப்பத்திரண்டு உத்திகளுள் ‘தொகுத்துச் சுட்டல்’ ஒன்று. அஃது ‘வகுத்துக் காட்டல்’ என்பதற்கு முன்னர் வைக்கப்பட்டுள்ளமை நோக்கத்தக்கது. தொகை, வகை, விரி என்னும் முறையிலே தமிழ் நூல்கள் முதலில் தொகுத்துப் பின்னர் விரிப்பன. உரோமர் கூட்டுத்தொகையை நிரலின் தலையில் வைத்தமையோடு இஃது ஒப்பிடத்தக்கது. ஆங்கிலக் கட்டுரையோ விரித்தபின் தொகுத்தலைப் பெரிதும் விரும்பும். எனினும் ஈற்றில் தொகுக்கும் வழக்கும் தமிழுக்கு உண்டு. கலிப்பாவிலே தரவும் தாழிசையும் விரித்தவற்றை முடித்துவைப்பது சுரிதகம். முன்னர்க் கூறியவற்றை அடக்கி நிற்றலின் அதற்கு ‘அடக்கியல்’ என்றும் பெயர். அச்சுரிதகத்திற்கு முன் ‘எனவாங்கு’ என்றாற்போல வரும் தனிச்சொல், ஆங்கிலத் தொகுப்புரைத் தொடர் செய்யும் பணியையே ஒருவாறு செய்கின்றது. நூற்குற்றம் பத்தனுள் ‘கூறியது கூறல்’, ‘மற்றொன்று விரித்தல்’ ஆகிய இரண்டும் தொகுப்புரையை இருபுறமும் காத்து நிற்குங் காவலர் எனலாம். முன்னிருந்த வாக்கியங்களையே மீண்டும் எழுதுவோன் முதற் குற்றத்தையும், புதுச் செய்தியைப் புகுத்துவோன் இரண்டாங் குற்றத்தையும் எய்துகின்றான்.

எங்கே தொகுத்தல் வேண்டாம் என்பதும் அறியத்தக்கது. ஒருபக்க அளவினதாய், ஒரே கருத்துடையதாய் அமைந்த கட்டுரைக்குத் தொகுப்புரை மிகை. ஒவ்வொரு பந்தியின் ஈற்றிலும் ‘இன் ஷோர்ட்’ என எழுதுவோன், படிப்போனின் நினைவாற்றலை ஐயுறுகின்றான். தொடரை நீக்கிப் படித்தும் வாக்கியம் தானே தொகுப்பென விளங்குமாயின், தொடரை நீக்கிவிடுதலே நன்று. தொடரை வைத்தும் தொகுப்பாக விளங்காதாயின் குறை தொடரில் இல்லை, சிந்தனையில் உளது. அங்கே திருத்தப்படவேண்டியது முன்னுள்ள பந்தியேயாம்.

இவ்வளவு நுணுகி ஆராய்தற்கு இஃது ஏற்ற பொருளோ எனச் சிலர் வினவலாம். ஆங்கிலச் சட்ட மரபில் யூரர் முன் நிகழும் வழக்கின் முடிவிலே நீதிபதி ஆற்றும் உரைக்குச் ‘சம்மிங் அப்’ என்றே பெயர். இருதிறத்தார் சான்றுகளையும் நடுநிலையாகத் தொகுத்து, உரிய சட்டத்தையும் அவர் எடுத்துரைப்பர். மன்றில் வாராத சான்றினை அவ்வுரையிற் புகுத்துதல் ஆகாது. அதில் நேரும் பாரதூரமான பிழையினால் மேன்முறையீட்டிலே தீர்ப்புத் தள்ளப்படுதலும் உண்டு. ஒருவனுடைய விடுதலையே ஒரு தொகுப்புரையின் நேர்மையிற் தங்கியிருத்தல் கூடும். மன்றுக்கு வெளியேயும் நிலைமை பெரிதும் வேறன்று. நீண்ட அறிக்கையைப் பெறும் அதிகாரி பலபோது அதன் ஈற்றிலுள்ள தொகுப்பை மட்டுமே படிக்கின்றார். அறிக்கையில் இல்லாதது அங்கே நுழைந்திருப்பினும், உள்ளது அங்கே விடுபட்டிருப்பினும், அதனால் தீங்குறுவோர் அவ்வறிக்கையை ஒருபோதும் காணாத மக்களாவர்.

ஆதலின் பள்ளிக் கட்டுரையில் ‘டு சம் அப்’ என்னுந் தொடரை எழுதுமுன், மாணவன் தான் எழுதியவற்றை ஒருமுறை திரும்பப் படித்தல் வேண்டும். கூறியது யாவும் இவ்வாக்கியத்தில் அடங்கியுள்ளதா, கூறாதது யாதேனும் இதனுட் புகுந்துள்ளதா என்னும் இரு வினாக்களுக்கும் விடை கண்டபின்னரே பேனாவை எடுத்தல் வேண்டும். இப்பழக்கம் ஆங்கிலப் பாடத்திற் சில புள்ளிகளைப் பெற்றுத் தருவதோடு அமையாது. எம்மொழியில் எழுதினும், தான் காட்டியதற்கு மேல் ஒன்றும் உரிமை கோராத எழுத்தாளனாக அவனை ஆக்கும்.