ஏழெழுத்து மாயம்

சென்ற மாதம் ஓசூரில் ஓர் அன்பர் இல்லத்தில் இரண்டு நாள் தங்கியிருந்தோம். பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் அத்திப்பள்ளியைத் தாண்டி ஜூஜூவாடிக்குள் நுழைந்தால், தமிழ்நாடு அவர்களைத் தொழிற்சாலை மதில்களுடன் வரவேற்கிறது. அந்த மதில்களுள் ஒன்றுக்குள் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர் நம் அன்பர்.

காலைக் காப்பி ஆனதும் அவர் பீரோவைத் திறந்து ஒரு சிறு காகித உறையை எடுத்து வந்தார். உறைக்குள் ஒரே ஒரு தபால் தலை. மகாத்மா காந்தியின் திருவுருவம் தாங்கிய பத்து ரூபாய்த் தலை. அதன்மேல் கறுப்பு மையில், ஆங்கிலத்தில், "ஸர்வீஸ்" என்ற ஏழெழுத்துச் சொல்.

"தெரிந்தவர் ஒருவர் கொண்டு வந்தார். பிராவிடண்டு பண்டில் பாதியைக் கொடுத்தால் எனக்கே சொந்தமாம். பிறகு விற்றால் பத்து மடங்கு கிடைக்குமாம். நாளை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்" என்றார்.

அவருடைய மனைவியார் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மாள் வாய் திறக்கவில்லை. ஆனால் நம்மைப் பார்த்த பார்வையில் கேள்வி இருந்தது.

அன்பரின் ஆசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி, சுதந்திரத்தின் முதல் ஆண்டு நிறைவன்று, நமது சர்க்கார் மகாத்மாவின் நினைவாக நான்கு தபால் தலைகளை வெளியிட்டது. ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய் என்பன அவற்றின் விலைகள். ஸ்விட்ஸர்லாந்து தேசத்தில் கூர்வாசியர் என்னும் அச்சகத்தார் அவற்றை அச்சிட்டனர். "பாபு" என்ற சொல் ஹிந்தியிலும் உருதுவிலும் அவற்றில் விளங்குகிறது.

அவற்றுள் மிகச் சிலவற்றின்மேல் "ஸர்வீஸ்" என்று மறுபடியும் அச்சிட்டார்கள். முன்பே அச்சான தலையின்மேல் பின்னர் எழுத்தை ஏற்றுவதற்கு மேலச்சு என்று பெயர். மேலச்சு ஏறிய இந்தக் காந்தித் தலைகள் கவர்னர் ஜெனரலின் காரியாலயத்துக்கு மட்டுமே வழங்கப்பட்டன. பத்து ரூபாய்த் தலையில் மேலச்சு ஏறியவை நூறு என்பது சேகரிப்போர் ஏற்றுக்கொண்ட கணக்கு. 2017-ஆம் ஆண்டில் லண்டனில், இத்தகைய நான்கு தலைகள் சேர்ந்த ஒரு வரிசை ஐந்து லட்சம் பவுனுக்கு விலை போயிற்று.

அந்தக் கவர்னர் ஜெனரல் யார்? சாட்சாத் ராஜாஜிதான். 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி 26 வரை அப்பதவியை வகித்த ராஜாஜி, 1878-ல் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர். அவர் பிறந்த வீடு இன்று நினைவில்லமாக இருக்கிறது. "நம்ம ஊர்ப் பெரியவர் காரியாலயத்துத் தலை நம்ம ஊருக்கே வந்து சேர்ந்திருக்கிறது, பார்த்தீர்களா?" என்று அன்பர் பூரித்ததில் வியப்பில்லை. மோசம் செய்கிறவர்களுக்கு மிகவும் பயன்படுவது இத்தகைய பூரிப்புத்தான்.

அச்சில் நேரும் வேறுபாடு உண்மையானதா, பிற்பாடு கையால் உண்டாக்கியதா என்று அறிவது எப்படி? அச்சு வேலை எந்த வரிசையில் நடந்தது என்று முதலில் கேட்க வேண்டும். 1854-ல் கல்கத்தாவில் அச்சான நாலணாத் தலையை எடுத்துக்கொள்வோம். சிவப்புச் சட்டத்தை ஒரு முறையும், விக்டோரியா மகாராணியின் நீலத் தலையை மற்றொரு முறையும் அச்சிட்டார்கள். காகிதம் ஒரு முறை திருப்பி வைக்கப்பட்டது. மகாராணியார் தலைகீழாக நின்றுவிட்டார்! இப்படிப்பட்டவை இன்று உலகில் சுமார் முப்பதுதான் அறியப்பட்டிருக்கின்றன. இரண்டு முறை அச்சேறிய தலையானதால் இந்தப் பிழை நேர இடமிருந்தது. எல்லா வர்ணமும் ஒரே அச்சில் ஏறிய தலையில் இதே பிழையைக் காட்டுகிறவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, பிழை திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும். அச்சுத் தகட்டில் ஒரு கீறல் இருந்தால், அந்தத் தகட்டில் அச்சான ஒவ்வொரு தாளிலும் அதே இடத்தில் அதே கீறல் தோன்றும். ஒரு தூசி விழுந்ததால் ஏற்பட்ட வெள்ளைப் புள்ளியோ அந்த ஒரு தாளோடு போய்விடும். முன்னதைச் சேகரிப்போர் விரும்பித் தேடுவார்கள். பின்னது வெறும் வேடிக்கை.

மூன்றாவது, காலமும் மனிதரும் செய்த மாறுதல்களை விலக்க வேண்டும். வெயிலில் கிடந்த தலையில் வர்ணம் வெளிறும். இரசாயனத்தில் நனைத்தால் ஒரு வர்ணம் மாறவும் கூடும். ஓரத்துப் பற்களைக் கத்தரித்துவிட்டு, "பல்லே இல்லாமல் அச்சானது" என்று விற்பவர்களும் உண்டு. அதனால்தான் அத்தகைய தலையை இணையாக, இரண்டு ஒட்டியபடி இருந்தால்தான் விஷயம் தெரிந்தவர்கள் நம்புவார்கள். நடுவில் பல் இல்லாததைக் கத்தரியால் உண்டாக்க முடியாதல்லவா?

இவற்றை அன்பருக்குச் சொல்லிவிட்டு, அந்தத் தலையைச் சன்னலோரம் கொண்டு போனோம். கைக்கடிகாரம் பழுது பார்ப்போர் கண்ணில் பொருத்தும் கண்ணாடி ஒன்று அன்பரிடமே இருந்தது. தலையும் அதிலிருந்த மகாத்மாவின் உருவமும் அசல்தான், சந்தேகமில்லை. ஆனால் அதன்மேல் விழுந்திருந்த தபால் முத்திரையில் 1951 என்ற ஆண்டு தெளிவாகத் தெரிந்தது. ஊரும் டில்லி அன்று. கவர்னர் ஜெனரல் பதவியே இல்லாமற்போன பிறகு, அவர் காரியாலயத்துத் தலை வேறோர் ஊரில் எப்படித் தபாலில் சேர்ந்தது?

இது சந்தேகம் மட்டுமே, சாட்சியம் வேண்டுமே? தலையைச் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டில் விளக்கைக் காட்டினோம். முறைப்படி மேலச்சு முதலில் ஏறும். தபாலாபீசின் முத்திரை அதன்மேல் விழும். இங்கே முத்திரையின் வட்டக் கோடு, "ஸர்வீஸ்" எழுத்துக்களின் அடியில் புகுந்து மறுபக்கம் வெளிவந்தது. அதாவது, தபாலில் போய் வந்து கிடந்த பழைய தலையின்மேல் பிற்பாடு யாரோ ஏழெழுத்தை ஏற்றியிருக்கிறார்கள்.

அன்பர் தாமே கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "தொழிற்சாலையில் ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் சாமானைத் திருப்பி அனுப்பியவன் நான். என் பணம் என்றதும் கண் மறைத்துவிட்டதே" என்றார்.

அன்று மாலையே அந்த உறை உரியவரிடம் திரும்பிப் போயிற்று.

அன்பரின் வாட்டத்தைப் போக்க, அவருடைய தகப்பனார் பள்ளிப் பருவத்தில் ஒட்டிவைத்த பழைய ஆல்பத்தைப் புரட்டினோம். அதில் 1949-ல் வந்த ஓரணாப் போதிசத்துவர் தலை ஒன்று இருந்தது. அந்த ஆண்டு வெளியான தலையில் சிலையின் உருவம் இடவலம் மாறிப்போய், இடக்கை நீண்டிருக்கும். பிழை தெரிந்து, 1950 ஜூலையில் வலக்கை நீண்ட சரியான தலையை வெளியிட்டார்கள். இது சர்க்காரே செய்து, சர்க்காரே திருத்திய அசல் பிழை. நாடெங்கும் தபாலாபீசுகளில் விற்ற தலையானதால் பெரிய விலை ஒன்றும் கிடையாது. பிழை வேறு, அருமை வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. நேயர்கள் வீட்டுப் பழைய ஆல்பங்களிலும் இது இருக்கக்கூடும், கையைப் பாருங்கள்.

பெருந்தொகை கேட்கும் தலை எதுவானாலும், நிபுணர் குழுவின் சான்று இல்லாமல் பணத்தைக் கொடுக்க வேண்டாம். "நாளைக்குள் பதில்" என்று அவசரப்படுத்துகிறவருக்கு இன்றே பதில் சொல்லிவிடலாம்.

ஊருக்குப் புறப்படும்போது, அந்த அம்மாள் முதல் முறையாக வாய் திறந்தார். "அந்தப் போதிசத்துவரை மட்டும் விற்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மாமனார் கையால் ஒட்டினது" என்றார். சொல்லிவிட்டுத்தான் வந்தோம்.