இருபக்கமும் துணைக்கு வரும் காற்று

சைக்கிளில் போகும்போதும் சரி, திரும்பும்போதும் சரி, காற்று நம் முதுகையே தள்ளிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம் போகிற சாலையில், கோடையில் பல நாள் அது நடக்கக்கூடியதுதான். பிச்சாவரம் சிதம்பரத்துக்குக் கிழக்கே, கடலோரமாக, சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. இரவில் கடலைவிட நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதனால் விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும். வெயில் ஏறி நிலம் சூடானதும், அதே காற்று திசை மாறிக் கடலிலிருந்து ஊரைப் பார்த்து வரும். ஆக, கருக்கலில் கிளம்பி, அலையாத்திக் காட்டில் படகுச் சவாரியும் முடித்து, கடற்காற்று எழுந்த பிறகு திரும்பினால் இரண்டு பக்கமும் துணை உண்டு.

‘காரில் போனால் அரை மணி நேரம்தானே, எதற்கு இந்த வேர்வை?’ என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நன்னீர் வயல் முடிந்து உப்பங்கழி தொடங்குவதைக் கண்ணும் மூக்கும் உணர, சைக்கிளின் வேகம்தான் சரி. வெள்ளாறும் கொள்ளிடமும் வண்டல் கொட்டிச் சமன்செய்த பூமி இது. கியர் இல்லாத சாதாரண சைக்கிளே போதும். ஒன்று மட்டும்: ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்தக் காற்றுக் கணக்கு பொருந்தாது. மாசி பிறக்கட்டும், கிளம்பலாம்.