புதுக் கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று நின்றுபோகிறதா?

பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி, நீங்களே அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. மூன்றாம் நாள் வேலைக்கு நடுவே நீலத் திரை வந்து, தானே அணைந்து எழுகிறது. எதைச் சந்தேகிப்பது?

அதற்கு முன் ஒரு வேண்டுகோள். காரணம் தெரியும்வரை குடும்பப் படங்களையோ கணக்குகளையோ இதற்கு மாற்றாதீர்கள். ரேம் (வேலை நடக்கும்போது தகவலைத் தாங்கும் தற்காலிக நினைவகம்) கோளாறாக இருந்தால், அதன் வழியே போகும் கோப்பு சத்தமில்லாமல் சிதைந்து பதிவாகலாம். பல மாதம் கழித்துத் திறக்கும்போதுதான் தெரியவரும்.

விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போட்டால் சரியாகுமா? பலரும் முதலில் செய்வது இதைத்தான். ரேம் பழுதென்றால் புதிதாகப் போடும் விண்டோஸும் சேர்ந்தே கெடலாம். அதைக் கடைசிக்கு வையுங்கள்.

எங்கே தொடங்குவது? ரேமின் வேகத்தில். பெட்டியில் 6000 என்று அச்சிட்டிருந்தாலும் டிடிஆர்5 ரேம் பெரும்பாலும் 4800 போன்ற அடிப்படை வேகத்தில்தான் ஓடத் தொடங்கும். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே விழிக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்பதை இயக்கினால்தான் 6000 கிடைக்கும். ஆனால் ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் 5200 மட்டுமே. அதற்கு மேல் ஓடுவது உங்கள் பாகங்களின் பொருத்தத்தைப் பொறுத்தது.

ஆகவே எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை அணைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். கோளாறு நின்றுவிட்டதா? பயாஸைப் புதுப்பித்து மறுபடி முயலலாம். ஒத்துவராவிட்டால் 5600க்கு இறக்கலாம். அன்றாட வேலையில் அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியாது. இரண்டே ரேம் என்றால் சரியான இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். நான்கு இடங்கள் உள்ள போர்டுகள் பலவற்றில் பிராசசரிலிருந்து எண்ணினால் 2ஆவதும் 4ஆவதும்தான்.

அணைத்தும் நிற்கவில்லையா? மெம்டெஸ்ட்86 என்ற இலவச நிரலைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கி, இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் விடக்கூடாது. ரேம்களை ஒவ்வொன்றாக, ஒரே இடத்தில் செருகிச் சோதித்தால் குற்றவாளி அகப்படும்.

நீலத் திரையே வராமல், ஃபியூஸ் போனதுபோல் பட்டென்று அணைந்தால்? அப்போது சூட்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் (மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பாருங்கள். கூலரின் அடியில் ஒட்டிவரும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்தவர்கள் உண்டு. கேம் ஓடும்போது மட்டும் அணைந்தால், கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகும் ஒயர் கடைசிவரை அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் ‘கெர்னல் பவர் 41’ என்று வருகிறதே, எஸ்எம்பிஎஸ் போய்விட்டதா? அவசரப்பட்டு மாற்றாதீர்கள். முறையாக மூடப்படாமல் அணைந்தது என்பதை மட்டுமே அது சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை.

உங்களுடையது இன்டெல் 13 அல்லது 14ஆம் தலைமுறையா? அந்த டெஸ்க்டாப் பிராசசர்கள் சிலவற்றில், அளவு மீறிய வோல்டேஜால் நிலைகுலையும் குறை இருந்ததை இன்டெல்லே 2024இல் ஒப்புக்கொண்டது. பயாஸ் வழியாகத் திருத்தம் தந்து, உத்தரவாதத்தையும் 2 ஆண்டு நீட்டித்தது. புது பயாஸை இன்றே போட்டுவிடுங்கள். ஆனால் ஏற்கெனவே தேய்ந்த சிப்பை அது மீட்காது; மாற்றித்தான் வாங்க வேண்டும்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். தேதி, நேரம், அப்போது என்ன வேலை, எதை மாற்றினீர்கள் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். நீங்களே அசெம்பிள் செய்ததற்கு ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி உத்தரவாதம். எது பழுது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். பில், பெட்டி, அந்த நோட்டு, சோதனைத் திரையின் படம் ஆகிய நான்கோடும் கடைக்குப் போங்கள். மாற்றித் தரும் கெடு முடிவதற்குள்.