பெஞ்சுக்குத் தனி வரிசை

கல்லும் கையெழுத்தும் – 14

நான் படித்த கல்லூரியில் எங்கள் துறை வாசலில் ஒரு வேப்பமரம் நின்றது. அதனடியில் ஒரு சிமென்ட் பெஞ்ச் வேண்டும் என்று மாணவர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். துறைத் தலைவர் பரிந்துரை எழுதினார். அலுவலகத்தில் மனுவை வாங்கி, தேதி முத்திரை குத்தி, கட்டுக்குள் செருகினார்கள். மூன்று வருடம் கழித்து டி.சி. வாங்கப் போனபோது வேப்பமரமே இல்லை. அந்த இடத்தில் நாலு மாடி பிளாக் எழும்பிக்கொண்டிருந்தது.

பழக்கமான எழுத்தர் ஒருவரிடம் கேட்டேன்: "என்ன சார், ஒரு பெஞ்ச் கேட்டோம், வரல. இவ்வளவு பெரிய பிளாக் வந்துடுச்சே?"

அவர் சிரிக்காமல் சொன்னார்: "தம்பி, பிளாக்குக்கு ஹெட் இருக்கு. பெஞ்ச எந்த ஹெட்ல எழுதுறது?"

ஹெட் என்றால் கணக்குத் தலைப்பு. அரசுப் பணத்தில் ஒவ்வொரு ரூபாயும் ஏதாவது ஒரு தலைப்பின் கீழ்தான் செலவாக வேண்டும். புதுக் கட்டடத்துக்குத் தலைப்பு உண்டு. எஸ்டிமேட், நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர் என்று சில வாரங்களாக நாம் நடந்துவரும் பாதை முழுவதும் அதற்காகப் போட்டதுதான். பெஞ்ச் அந்தப் பாதையில் ஏற முடியாத அளவுக்குச் சின்னது.

எழுத்தர் கேட்ட அதே கேள்வியை, அதற்குப் பல வருடங்கள் முன்பே அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டு விதியே எழுதியிருந்தது. எனக்கு அது வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது. இந்த வாரம் அந்தக் கதை.

வரைபடம் கேட்டார்கள், விதி கிடைத்தது

ஆரெகன் மாநிலத்தின் யூஜீன் நகரில் 1876-இல் தொடங்கியது ஆரெகன் பல்கலைக்கழகம். 1970-ஐ ஒட்டிய வருடங்களில் வியட்நாம் போருக்கு எதிரான போராட்டங்கள் அமெரிக்க வளாகங்களை உலுக்கின. யூஜீனும் தப்பவில்லை. எங்கள் வாழ்க்கையை எங்களைக் கேட்காமல் தீர்மானிக்கிறீர்கள் என்பது அன்றைய மாணவர்களின் பொதுவான கோபம். அந்தச் சூழலில்தான், வளாகம் இனி எப்படி வளர வேண்டும் என்று திட்டம் போட்டுத் தர கலிஃபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து கட்டடக்கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரை நிர்வாகம் அழைத்தது.

அலெக்சாண்டர் 1936-இல் வியன்னாவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதமும் கட்டடக்கலையும் படித்தார்; ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். இந்தியா அவருக்குப் புதிதில்லை. 1960-களின் தொடக்கத்தில் குஜராத் கிராமம் ஒன்றில் சில மாதங்கள் தங்கியிருக்கிறார். 1964-இல் வெளிவந்த அவருடைய நூலின் பின்னிணைப்பில், ஓர் இந்தியக் கிராமத்தின் தேவைகளை 141 வரிகளாகப் பிரித்து எழுதியிருந்தார். மாடு, தண்ணீர், சாதி எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். கோடு போடுவதற்கு முன்னால் குடியிருப்பவனுக்கு என்ன வேண்டும் என்று பார்க்கிற பழக்கம் அப்போதே இருந்தது.

பல்கலைக்கழகம் எதிர்பார்த்தது வழக்கமான மாஸ்டர் பிளான். இன்னும் இருபது வருடத்தில் எந்த மூலையில் என்ன கட்டடம் வரும் என்று வண்ணம் தீட்டிக் காட்டுகிற பெரிய வரைபடம். அலெக்சாண்டர் அதைத் தர மறுத்தார். இருபது வருடம் கழித்து எந்தத் துறை பெருகும், எது சுருங்கும் என்று இன்று யாருக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி வரைந்துவிட்டால் பிறகு மனிதர்கள் அந்த வரைபடத்துக்குக் கூலி வேலை செய்ய வேண்டிவரும் என்பது அவர் வாதம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜை அவர் உதாரணம் காட்டினார். ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவில் அங்கே ஒவ்வொரு கல்லூரியாக வந்து அமர்ந்து, நூற்றாண்டுகளில் ஒரு முழுமை கூடிவந்தது. எந்த மாஸ்டர் பிளானும் அதை வரையவில்லை.

வரைபடத்துக்குப் பதிலாக அவரும் தோழர்களும் ஆறு கொள்கைகளைக் கொடுத்தார்கள். 1975-இல் 'தி ஆரெகன் எக்ஸ்பெரிமென்ட்' என்ற நூலாக அவை வெளிவந்தன. கட்டடக்கலை நூல் என்று நினைத்துத் திறப்பவருக்கு ஏமாற்றம்தான். பாதிக்கு மேல் அது ஓர் அலுவலக நடைமுறை நூல். யார் கேட்கலாம், எந்தப் படிவத்தில் கேட்க வேண்டும், யார் முன்னிலையில் முடிவு செய்ய வேண்டும், பணத்தை எப்படிப் பங்கிட வேண்டும் என்று போகிறது.

கேட்பவர் யார்?

முதலில் கேட்கும் உரிமை. ஒரு கட்டடத்தில் யார் புழங்கப் போகிறார்களோ, அவர்கள்தான் திட்டத்தைத் தொடங்க வேண்டும். அப்படித் தொடங்காத திட்டத்துக்குப் பணம் கிடையாது. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஆசிரியர், மாணவர், ஊழியர் கொண்ட ஒரு குழு இருக்கும். அந்தக் குழு முதல் வரைவை முடித்த பிறகுதான் கட்டடக்கலைஞர் பெரிய அளவில் உள்ளே வர வேண்டும். இதற்காகச் செலவாகும் நேரத்தை அவர்களுடைய வேலை நேரமாகவே கணக்கிட வேண்டும். 'கமிட்டி இருக்கு, சாயங்காலம் ஆறு மணிக்கு வாங்க' என்று கூப்பிட்டு, யாரும் வராததையே சம்மதமாக எழுதிக்கொள்கிற தந்திரத்துக்கு இந்த ஒரு வரி முட்டுக்கட்டை.

கட்டடக்கலை படிக்காதவர்கள் எப்படி வரைவார்கள்? அதற்குத்தான் 'பேட்டர்ன்'. அடிக்கடி எழும் ஒரு சிக்கல், அதற்கு வளாகம் கூடி ஏற்றுக்கொண்ட ஒரு தீர்வு, இரண்டையும் சேர்த்து எளிய மொழியில் எழுதிய குறிப்பு அது. அலெக்சாண்டர் குழு 1977-இல் வெளியிட்ட தொகுப்பில் இப்படி 253 இருக்கின்றன. அறைக்கு இரண்டு பக்கமிருந்து வெளிச்சம் வர வேண்டும் என்பது ஒன்று. கட்டடம் நாலு மாடிக்கு மேல் போகக் கூடாது என்பது இன்னொன்று. 241 முதல் 243 வரை மூன்றுமே உட்காரும் இடங்களைப் பற்றியவை. வெளியில் இருக்கையை எங்கே போட வேண்டும் என்பது 241. வீட்டு வாசலில், தெருவைப் பார்த்தபடி வயதானவர்கள் உட்காரும் பெஞ்ச் 242. வேறென்ன, நம் திண்ணைதான்! கைப்பிடிச் சுவரை உட்காரும் உயரத்தில் கட்டச் சொல்வது 243.

இன்னொரு கொள்கை, வருடத்துக்கு ஒருமுறை வளாகத்துக்கு நாடி பார்ப்பது. எந்த இடத்தில் மனிதர்கள் நிற்கிறார்கள், பேசுகிறார்கள், உட்காருகிறார்கள், எந்த இடம் செத்துக் கிடக்கிறது என்று ஆராய்ந்து எழுதி எல்லோருக்கும் தெரியும்படி வைக்க வேண்டும். புதிதாக ஒன்றைக் கேட்பவர், எந்தச் செத்த இடத்துக்கு அது உயிர் கொடுக்கும் என்று படிவத்தில் சொல்ல வேண்டும்.

மூன்று வரிசை

இனி முன்னுரிமை. என் எழுத்தர் கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது.

கோயிலில் பொது தரிசனம், சிறப்பு தரிசனம் என்று இரண்டு வரிசை இருக்கும். காசு கொடுத்தவர் முன்னால் போவதற்காகப் பிரித்தது. அலெக்சாண்டரும் வரிசையைப் பிரித்தார், சின்னவன் நசுங்கிப் போகாமல் இருப்பதற்காக. பெரிய திட்டம், நடுத்தரத் திட்டம், சிறிய திட்டம் என்று மூன்று வரிசை. ஒரு வரிசையில் நிற்பது அதே வரிசையில் நிற்பதோடு மட்டும் போட்டி போடும். ஆராய்ச்சிக்கூடத்தோடு பெஞ்ச் மோத வேண்டியதில்லை. அடுத்தபடியாக, ஒவ்வொரு பட்ஜெட் காலத்திலும் மூன்று வரிசைக்கும் சமமான தொகை.

நம் கணக்கில் போட்டுப் பார்ப்போம். ஒரு வளாகத்துக்கு 30 கோடி ரூபாய் வருகிறது. 10 கோடிக்கு ஒரே ஒரு பெரிய கட்டடம். அடுத்த 10 கோடியில் ஒரு கோடி வீதம் பத்து நடுத்தர வேலைகள். மிச்சமுள்ள 10 கோடியை ஒரு லட்சமாகப் பிரித்தால் ஆயிரம் சின்ன வேலைகள்: பெஞ்ச், நிழற்கூரை, சைக்கிள் நிறுத்துமிடம், உடைந்த படி, வெளிச்சமில்லாத வராந்தாவுக்கு ஒரு ஜன்னல். தொகை சமம்தான், எண்ணிக்கையில் சின்னவை ஜெயித்துவிடும்.

இதற்குப் பின்னால் இருப்பது இரக்கமென்று நினைக்க வேண்டாம். கட்டுகிறவர்கள் தவறு செய்யத்தான் செய்வார்கள் என்பதை அலெக்சாண்டர் அடிப்படையாக எடுத்துக்கொண்டார். பெஞ்சைத் தப்பான இடத்தில் போட்டால் பெயர்த்து நகர்த்தலாம். பத்துக் கோடி பிளாக்கைத் தப்பாகக் கட்டினால் அறுபது வருடம் அதோடு குடித்தனம் நடத்தியாக வேண்டும். பெரியது எழும்புகிற வருடங்களில் பழையதைப் பழுது பார்க்கப் பணமிருக்காது. பழுது பார்க்காத கட்டடம் ஒருநாள் இடிக்கத் தயாராகும்; அந்த இடத்தில் இன்னொரு பெரியது வரும். இந்தச் சுழலை அறுக்கத்தான் மூன்று வரிசை.

முடிவெடுக்கும் திட்டக் குழுவில் ஆசிரியர், மாணவர், நிர்வாகிகள் சேர்ந்து உட்காருவார்கள். கதவைத் திறந்துவைத்து, ஊர்க்கூட்டம் மாதிரி, எல்லோர் முன்னிலையிலும் திட்டங்களை வரிசைப்படுத்த வேண்டும். கேட்டவரே எழுந்து தன் திட்டத்தைப் பேசலாம். அழுத பிள்ளைக்குப் பால் என்பதை மாற்ற முடியாது. எந்தப் பிள்ளை எவ்வளவு அழுதது என்பதையாவது சபை பார்க்கட்டும் என்பதே ஏற்பாடு.

விதி நின்றதா?

பாதி நின்றது. ஆரெகன் பல்கலைக்கழகத்தின் வளாகத் திட்டத்தில் பேட்டர்ன்களும், கட்டடத்துக்கு ஒரு பயனர் குழு என்ற முறையும் இன்றும் இருக்கின்றன. ஆசிரியர், ஊழியர், மாணவர் அடங்கிய வளாகத் திட்டக் குழு இன்றும் கூடி, பல்கலைக்கழகத் தலைவருக்குப் பரிந்துரை செய்கிறது. சமபங்கு விதிதான் நிலைக்கவில்லை. காரணம் வளாகத்துக்கு வெளியே இருந்தது.

பணத்தைத் தருவது மாநிலம். ஆரெகனில் அரசுப் பல்கலைக்கழகங்கள் ஏழு. ஏழும் தங்கள் கட்டடக் கோரிக்கைகளை உயர்கல்வி ஒருங்கிணைப்பு ஆணையத்துக்கு அனுப்பும். ஆணையம் மதிப்பெண் போட்டு ஒரே பட்டியலாக்கும். பிறகு ஆளுநரின் பட்ஜெட், பிறகு சட்டமன்றம். இரண்டு வருடத்துக்கு ஒரு பட்ஜெட். பணம் பெரும்பாலும் கடன்பத்திரம் விற்று வரும். கடன்பத்திரம் விற்று யாரும் பெஞ்ச் போடுவதில்லை. ஒருவகைக் கடன்பத்திரத்தில், மாநிலம் தரும் தொகைக்குக் குறையாமல் பல்கலைக்கழகமும் போட வேண்டும். நீ பாதி, நான் பாதி. அந்தப் பாதியைத் தர ஆள் பிடித்திருக்கும் துறை தானாகவே முன்னுக்கு வந்துவிடும்.

ஆள் என்றால் யூஜீனில் முதலில் நினைவுக்கு வருபவர் பில் நைட். நைக்கி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், அங்கே படித்தவர். 2016-இல் அறிவியல் வளாகம் ஒன்றுக்கு அவரும் மனைவியும் 50 கோடி டாலர் அறிவித்தார்கள். 2021-இல் இன்னொரு 50 கோடி. விளையாட்டுக்கான சில கட்டடங்களில் அவர் தரப்பு பல்கலைக்கழக நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, தானே கட்டி, முடிந்தபின் நன்கொடையாகக் கொடுத்தது. கட்டடம் பளபளக்கிறது, யாருக்கும் நஷ்டமில்லை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் எந்த வரிசையிலும் நிற்காமல் வந்த கட்டடம் அது.

ஜன்னல் இல்லாத விடுதி

வரிசையைத் தாண்டி வருவது எதுவரை போகும் என்பதைக் கலிஃபோர்னியா காட்டியது. சான்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாணவர் விடுதிக்குப் பெரும் தட்டுப்பாடு. வாரன் பஃபெட்டின் கூட்டாளியான கோடீஸ்வரர் சார்லி மங்கர் 20 கோடி டாலர் தருவதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை: விடுதி அவர் மனதில் இருக்கும் வடிவத்தில் வர வேண்டும். அவர் கட்டடக்கலை படித்தவரில்லை.

அந்த வடிவம் இதுதான்: பதினோரு மாடி, 4,500 மாணவர்கள், படுக்கை அறைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஜன்னலே கிடையாது. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் பகல் வெளிச்சம் போலக் காட்டும் செயற்கை விளக்கு. டிஸ்னி உல்லாசக் கப்பல்களில் கண்ட யோசனை. 2021 அக்டோபரில், வளாகத்தின் வடிவமைப்பு ஆய்வுக் குழுவில் ஆலோசகராக இருந்த கட்டடக்கலைஞர் டென்னிஸ் மெக்ஃபேடன் விலகினார். குழுவிடம் ஒப்புதல் கேட்கப்படவில்லை, வாக்கெடுப்பு நடக்கவில்லை, முடிந்துபோன வடிவத்தைக் காட்டி அனுப்பினார்கள் என்பது அவர் கடிதத்தின் சாரம். கடிதம் வெளியே வந்ததும் நாடு முழுக்கப் பேச்சானது. 2023-இல் பல்கலைக்கழகம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அந்த வருடம் நவம்பரில் 99 வயதில் மங்கர் காலமானார்.

வடிவமைப்பு ஆய்வுக் குழு அங்கேயும் இருந்தது, கூட்டமும் நடந்தது. ஒரு சராசரி மாணவர் எழுந்து 'ராத்திரி மின்சாரம் போனால் என் அறையில் காற்று எங்கிருந்து வரும்?' என்று கேட்கும் இடம் மட்டும் அந்த நடைமுறையில் இல்லை. 1975-இன் ஆரெகன் விதிப்படி, அங்கே தூங்கப் போகிறவர்கள் முதல் வரைவைப் போட்டிருக்க வேண்டும். எந்த மாணவர் தன் அறைக்கு ஜன்னல் வேண்டாம் என்று வரைவார்?

அலெக்சாண்டர் 2022 மார்ச்சில் மறைந்தார். அவர் யோசனை வளாகத்தைவிடக் கணினியில் நன்றாகப் பிடித்துக்கொண்டது. மென்பொருள் படிக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் 'டிசைன் பேட்டர்ன்' பற்றிக் கேளுங்கள். அந்தச் சொல் அவரிடமிருந்து போனதுதான். பேட்டர்ன்களைப் பலரும் கூடி எழுதுவதற்காக அதே ஆரெகன் மாநிலத்தில் வார்டு கன்னிங்ஹாம் 1995-இல் தொடங்கியதுதான் முதல் விக்கி. யார் புழங்குகிறார்களோ அவர்களே எழுதலாம், திருத்தலாம் என்ற அதே விதி.

என் எழுத்தர் மீது எனக்குக் கோபமில்லை. அவரிடம் இருந்த படிவத்தில் இரண்டு கேள்விகள்தான் இருந்தன: எவ்வளவு செலவு, எந்த ஹெட். 'அங்கே யார் உட்காருவார்கள்?' என்று மூன்றாவதாக ஒரு வரி இருந்திருந்தால், பத்துக் கையெழுத்தும் அதில் வந்திருக்கும். பிளாக் கட்ட இடம் பார்க்க வந்த இன்ஜினியர், மரத்தை அளப்பதற்கு முன்னால் அந்தக் காகிதத்தை ஒருமுறை புரட்டியாவது பார்த்திருப்பார்.

அடுத்த வாரம்: ஒப்புதல் கிடைத்த கட்டடம் டெண்டருக்குப் போகிறது. குறைந்த விலை சொன்னவருக்கே வேலை என்ற விதி எப்போது காப்பாற்றுகிறது, எப்போது கவிழ்க்கிறது?

(தொடரும்)