உறுப்பு மாற்று செய்தவர்களுக்கு தடுப்பூசி வேலை செய்யுமா?

தானமாகக் கிடைத்த கிட்னியோ கல்லீரலோ, நம் உடலுக்கு அது அந்நியப் பொருள்தான். உடல் அதைத் தாக்காமல் இருக்க, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரைகளை தினமும் சாப்பிட வேண்டும். அதனால் தடுப்பூசியின் பலனும் குறைகிறது.

எவ்வளவு குறைகிறது?

2021-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், உறுப்பு மாற்று செய்த 658 பேரைப் பரிசோதித்தனர். கொரோனா தடுப்பூசி 2 டோஸ் போட்டும் 46 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி உருவாகவில்லை.

அப்போ ஊசியே வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். கூடுதல் டோஸ் சிலருக்கு கைகொடுக்கிறது. தட்டம்மை, சின்னம்மை தடுப்பூசிகளில் உயிருள்ள வைரஸ் இருப்பதால், அவற்றை ஆபரேஷனுக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. வீட்டில் இருப்பவர்களும் தடுப்பூசி போட்டுக்கொண்டால் கூடுதல் பாதுகாப்பு.

ஊசிக்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீங்க. மாற்றிய உறுப்புக்கே ஆபத்தாகிவிடும்.