அடைக்கலமான இல்லம்

பிறநாட்டாரைத் தம் இல்லத்தில் ஏற்று உபசரித்தல் கிறித்தவருக்கு வெறும் மரியாதையன்று. விசுவாசத்தின் ஒரு பயிற்சியாகும். இதற்குச் சுவிற்சர்லாந்தின் மலைக்கிராமமொன்று சான்று பகர்கின்றது.

அமெரிக்கப் போதகர் பிரான்சிஸ் ஷேபரும் அவர் மனைவி ஈடித்தும் 1948ஆம் ஆண்டு அந்நாட்டிற் குடியேறினர். 1951 அளவில் ஷேபர் தம் விசுவாசத்தையே ஐயுற்று, அடிமுதல் ஆராய்ந்து, தெளிவு பெற்றார். 1955இல், சமயச் செல்வாக்கைக் காரணங்காட்டி அவர்களை வெளியேறுமாறு ஆணை பிறந்தது. அண்டை மாநிலமான வோவில், உவேமோ என்னும் ஊரில் மரவீடொன்று கிடைத்தது. தாம் புகலிடம் தேடிய அதே ஆண்டில் அவ்வீட்டையே பிறர்க்குப் புகலிடமாக்கினர். பிரெஞ்சு மொழியில் அப்பொருள் தரும் ‘லப்ரி’ என்பதே அதன் பெயராயிற்று.

மகளின் பல்கலைக்கழகத் தோழர் முதலில் வந்தனர்; பின்னர்ப் பல நாட்டு இளைஞரும் வந்தனர். விசுவாசிகளும் ஐயுறுவோரும் ஒரே மேசையில் உண்டனர், வீட்டுவேலையைப் பகிர்ந்தனர், அஞ்சாது வினவினர். ஐயத்தின் வேதனையை அறிந்தவராதலின், எவ்வினாவையும் ஷேபர் இகழவில்லை. செலவுக்கு நன்கொடை கேளாது ஜெபத்தையே குடும்பத்தார் நம்பினர். வேண்டியவை வந்துசேர்ந்தபோது, வந்தவரோடு வரவேற்றவரும் திடம் பெற்றனர்.

விருந்தோம்பலின் சிறப்பு இதுவே: கொடுப்பவரும் அங்கே பெறுபவராகின்றார்.