முளைவித்தும் கழுவுநீரும்

பயறு, வெந்தயம், முள்ளங்கி முதலியவற்றின் வித்துக்களை நீரில் ஊறவைத்து முளைக்கச் செய்து, சமைக்காமலே உண்ணும் வழக்கம் இன்று பல நாடுகளிலும் பரவியுள்ளது. தூய நீரிற் பன்முறை கழுவிய முளையால் தீங்கு யாது விளையக்கூடும் என்பது பலரது எண்ணம். அவ்வெண்ணம் பாதியளவே உண்மையாகும். கழுவுநீரிலிருந்து வித்தில் நோய்க்கிருமி ஏறாமற் காத்தல் ஒன்று. வித்தில் முன்னரே உறையும் கிருமியைப் போக்குதல் பிறிதொன்று. நீரைத் தூய்மையாக்கும் முறைகள் முன்னையதற்கே உரியவை.

அவற்றுள் இலங்கையிற் பெரிதும் அறியப்பட்டது குளோரீன் இடுதல். கிணற்றில் வெளிற்றுந்தூள் இடுவதும் இதன்பாற்பட்டதே. தெளிந்த நீரிற் போதிய குளோரீன் அரைமணி நேரம் தங்குமாயின் நோய்தரும் பற்றீரியாக்கள் பெரும்பாலும் மடியும். எஞ்சும் சிற்றளவு குளோரீன், நீர் மீண்டும் மாசுறாவண்ணம் காத்து நிற்கும். கொதிக்கவைத்தலாலும் ஊதாக்கடந்த கதிரைச் செலுத்துதலாலும் கிருமிகள் அழியுமெனினும், அந்நீரிற் காவல் எதுவும் எஞ்சுவதில்லை. கொதித்தாறிய நீரைக் கழுவாத கையால் மொண்டால், கொதிக்கவைத்த பயன் அப்போதே கெடும். கதிரோ கலங்கல் நீரை நன்கு ஊடுருவமாட்டாது.

ஆயின், காவலாய் நிற்கும் அக்குளோரீனும் வித்தைச் சேர்ந்ததும் வலிகுன்றும். ஊறும் வித்திலிருந்து கசியும் சேதனப் பொருள்களோடு தாக்கமுற்று அது விரைவிற் செலவாகிவிடும். வித்துறையின் நுண்ணிய வெடிப்புக்களில் ஒதுங்கிய கிருமியை அது சென்றடைதலும் அரிது. குடிநீரில் இலீற்றருக்கு ஏறத்தாழ அரை மில்லிகிராம் குளோரீன் எஞ்சியிருத்தல் வழக்கம். முளை வளர்ப்போர் வித்துக்களைப் பரிகரித்தற்கென 1999 இல் ஐக்கிய அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் எடுத்துக்காட்டிய கல்சியம் ஐப்போகுளோரைற்றுக் கரைசலோ, பத்திலட்சத்தில் 20,000 பங்கு செறிவுடையது. அத்துணைக் கடுங்கரைசலும் கிருமிகளைக் குறைக்குமேயன்றி முற்றாக ஒழிக்கும் என்பதற்கு உறுதியில்லை. அடுக்களையிற் கையாளத்தக்கதும் அதுவன்று.

எஞ்சிய கிருமி சிலவேயாயினும் அவற்றைச் சிறிதென விடலாகாது. வித்து முளைத்தற்கு வேண்டிய ஈரமும் வெதுவெதுப்பும் கிருமி பெருகுதற்கும் உகந்தவை. எசரிக்கியா கோலி என்னும் பற்றீரியா, தக்க சூழலில் ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அவ்வாறு பெருகின், ஒன்று ஏழு மணி நேரத்தில் இருபது இலட்சத்தைக் கடக்கும்; முளைத்தலோ சில நாட்கள் நிகழ்வது.

இதன் விளைவை 2011 இல் யேர்மனி கண்டது. அக்கிருமியின் கொடிய வகையொன்றால் 3,800 பேருக்கு மேல் நோயுற்றனர். 50 பேருக்கு மேல் இறந்தனர். பலரது சிறுநீரகங்கள் செயலிழந்தன. அதே ஆண்டில் பிரான்சின் போர்தோ நகருக்கு அணித்தாகவும் அந்நோய் தோன்றிற்று. ஆண்டு முளைக்கவைத்தோர் வேறு, ஊற்றிய நீரும் வேறு. எகிப்திலிருந்து வந்த வெந்தய வித்தே ஈரிடத்துக்கும் பொதுவாயிருந்ததென ஆராய்ந்தோர் கண்டனர். நீரை எத்துணைத் தூய்மை செய்திருப்பினும் அவ்விடர் நீங்கியிராது.

ஆதலின் குழந்தைகள், கருவுற்றோர், முதியோர் ஆகியோருக்கு முளைகளை நன்கு வேகவைத்தே கொடுத்தல் வேண்டும். பயற்றை அவித்துத் தேங்காய்ப்பூச் சேர்த்துண்ணும் யாழ்ப்பாண வழக்கம் இவ்வகையில் அச்சமற்றது.

கழுவுநீருக்கு வேறொரு பயனும் உண்டு. அமெரிக்காவில் முளை வளர்ப்போர், முளைகளினூடு வடிந்த நீரை எடுத்துச் சல்மனெல்லா முதலிய கிருமிகள் உளவோவெனச் சோதிக்கின்றனர். ஒரு பிடி முளையைச் சோதிப்பின் கிருமியுள்ள முளை அதில் அகப்படாது போகலாம். வடிந்த நீரோ தொட்டியிலுள்ள முளைகள் அனைத்தையும் தழுவி வருவது.